மிளகுத் தாய்க்கொடியில் சத்துக்குறையைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையடிவாரத்திலும் மிளகு நாற்று உற்பத்தி செய்பவர்களில் பலர், நன்றாகக் காய்க்கும் கொடிகளிலிருந்து எடுத்த தண்டுகளை நிழல்வலைக் குடிலுக்குள் பெரிய பைகளிலோ தொட்டிகளிலோ வளர்த்து, அவற்றையே தாய்க்கொடிகளாகப் பல ஆண்டுகள் பராமரிக்கிறார்கள். அடித்தூரிலிருந்து கிளம்பும் ஓடுகொடிகளைத் தை, மாசி மாதங்களில் வெட்டி, இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கிப் பைகளில் ஊன்றினால், ஆனி, ஆடி மழைக்கு நாற்று தயாராகிவிடும். இந்த வேலையில் அதிகம் பணம் வீணாவதும், அதிகம் நாற்று பாழாவதும், தாய்க்கொடியின் இலை மஞ்சளாகும்போது எடுக்கப்படும் அவசர முடிவுகளால்தான்.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்திலோ கல்யாண முருங்கையிலோ ஏறியிருக்கும் கொடியைத் தவறாகக் கணித்தால் அந்த ஒரு கொடியின் விளைச்சல்தான் குறையும். தாய்க்கொடியைத் தவறாகக் கணித்தால், அதன் குறை அதிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்து போகும். சத்து குன்றிய தண்டு வேர்விடத் திணறும், நோயுள்ள தண்டு நோயையே நாற்றாக்கும். மேலும் தாய்க்கொடி ஒரே பையில் இருக்கும் கொஞ்சம் மண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது, ஒரே கிணற்றின் நீரைக் குடிக்கிறது, ஆண்டுதோறும் வெட்டுப்படுகிறது. ஆகவே தோட்டத்துக் கொடிக்குப் பொருந்தும் கணிப்பை அப்படியே இதற்கும் பொருத்துவது சரியாகாது. பையில் சத்து இருந்தும் கொடியால் எடுக்க முடியாத நிலையே இங்கே அதிகம் என்பதால், உரத்தைத் தேடுவதற்கு முன்பு நீரையும் வேரையும் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பாராமல் இருப்பது

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. இவற்றில் ஒன்று குறைந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அறிகுறி முதிர்ந்த இலையில் முதலில் தெரியும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், சுண்ணாம்புச்சத்து ஆகியவை ஓர் இலையில் சேர்ந்த பின் எளிதில் நகராதவை. இவை குறைந்தால் புதிய இலையும் வளர்நுனியும்தான் முதலில் வாடும். கந்தகம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்றாலும் பெரும்பாலும் இளம் இலையிலேயே தன் குறையைக் காட்டும். இந்த அடிப்படை பலருக்கும் தெரிந்ததே. ஆனால் மிளகுத் தாய்க்கொடியில் அதைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு குழப்பம் நேர்கிறது.

மேலே கம்பத்தில் ஏறும் தண்டு ஒன்று, அடியிலிருந்து தரையோடு படரும் ஓடுகொடிகள் சில என்று தாய்க்கொடிக்கு இரண்டு வகைத் தளிர்கள் இருக்கின்றன. ஓடுகொடியின் இலைகள் உயரத்தால் கீழே இருந்தாலும் வயதால் மிக இளையவை. பார்ப்பவர் ‘கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன’ என்று சொல்லி யூரியாவையோ, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவையையோ கொடுத்துவிடுவார். உண்மையில் மஞ்சளானவை ஓடுகொடியின் புத்திலைகளாக இருக்கும், குறை இரும்பினுடையதாக இருக்கும். எனவே இலையின் வயதைத் தரையிலிருந்து எண்ணக் கூடாது. அந்தந்தத் தளிரின் நுனியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்; ஏறுதண்டுக்கும் ஒவ்வோர் ஓடுகொடிக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

இலையின் வயது தெளிவான பிறகே நிறத்தைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த இலை நரம்பு உட்பட ஒரே சீராக வெளுத்து, தளிர்கள் மெலிந்து சிறுத்தால் தழைச்சத்தை நினைக்கலாம். நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியத்தை நினைக்கலாம். நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் நொறுங்கினால் சாம்பல்சத்து நினைவுக்கு வர வேண்டும். ஆனால் உப்பு மிகுதியும் இதே தோற்றத்தைத் தரும் என்பதைப் பின்னர் பார்ப்போம். மணிச்சத்துக் குறையில் மஞ்சள் வெகுநேரம் வராது. இலை அளவுக்கு மீறிக் கரும்பச்சையாகி, சில நேரம் செம்புநிறம் ஏறி, கொடி வளராமல் நின்றுவிடும். கரும்பச்சையைச் செழிப்பு என்று எண்ணி நிறைவடைபவர்கள் உண்டு என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

புதிய இலைகளில் வேறுபாடு நுட்பமானது. நுனியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது இலையைக் கிள்ளி, காலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரும்புக் குறையில் நடுநரம்பு மட்டுமன்றி மிக மெல்லிய கிளைநரம்புகளும் தெளிவான பச்சைக் கோடுகளாகத் தெரிய, இடைவெளி முழுவதும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். முற்றினால் அந்த மஞ்சளும் வெளுத்து வெள்ளையாகும். மாங்கனீசுக் குறையில் நரம்புகளை ஒட்டி இருபுறமும் சற்று அகலமான பச்சைப் பட்டை நிற்கும். மஞ்சள் மங்கலாக இருக்கும். கந்தகக் குறையில் இந்தக் கோடுகள் எவையும் இராது, இளம் இலை முழுவதும் வெளிறியிருக்கும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, கணுவிடை குறுகி, நுனியில் இலைகள் நெருங்கிக் கொத்தாகும். போரான் குறைந்தால் வளர்நுனியே கருகி, அதன் கீழிருந்து பக்கத் தளிர்கள் கிளம்பும். இளம் இலை தடித்து எளிதில் முறியும். சுண்ணாம்புச்சத்துக் குறையிலும் நுனி பாதிக்கப்படும், இளம் இலையின் ஓரம் கருகிக் கோணலாகும்.

அடித்தண்டின் மிக முதிர்ந்த ஓரிரு இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து தேவையில்லை.

மலை நீரையும் சமவெளி நீரையும் ஒன்றாக எண்ணுவது

இந்த வட்டாரத்தில் கணிப்பைப் பெரிதும் தவறச் செய்வது நீர்தான். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமுகடுகளில் பாக்சைட் படிந்திருக்கிறது. அதைச் சார்ந்த மண், பல நூற்றாண்டு மழையில் கரைந்து அரிக்கப்பட்ட அமில மண். அடிவாரத்திலோ சேலம் நகரை ஒட்டி மாமாங்கம், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பகுதிகளில் மக்னீசியம் மிகுந்த மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் படிந்திருக்கிறது. சாலையில் சென்றால் மேலும் கீழும் சில மணி நேரத்தில் போய் வரலாம். ஆனால் செடியின் வேருக்கு இவை இரண்டும் நேர் எதிரான உலகங்கள். மலையில் ஒருவர் பலன் கண்ட உரக்கலவையை அடிவாரக் குடிலில் அப்படியே பின்பற்றுவதும், அடிவாரத்தில் கேட்ட யோசனையை மலையில் செயல்படுத்துவதும், இதனால்தான் அடிக்கடி எதிர்விளைவைத் தருகின்றன.

மலையிலுள்ள குடில்களில் தோட்டத்து மேல்மண்ணையோ காட்டு மண்ணையோ நிரப்புகிறார்கள். அம்மண்ணின் அமிலத்தன்மை மிகும்போது மக்னீசியமும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்திருக்கும். இட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதிர்ந்த இலையில் நரம்பிடை மஞ்சள் என்பது மலையில் பெரும்பாலும் உண்மையான மக்னீசியக் குறையாகவே இருக்கும். அங்கே டோலமைட் தூளை நிரப்புமண்ணில் கலப்பது இரண்டு சத்துகளையும் தந்து அமிலத்தையும் தணிக்கும். ஆனால் மண்ணின் அமில–கார நிலையைக் காட்டும் பி.ஹெச் அளவைப் பாராமல், ஆண்டுதோறும் காப்பித் தோட்டத்துக்கு இடும் பழக்கத்தில் பைகளுக்கும் சுண்ணாம்பைப் போட்டுக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்காமல் போகும். மிளகுக்கு 5.5 முதல் 6.5 வரையிலான பி.ஹெச் போதுமானது. அந்த அளவை எட்டியபின் மேலும் சுண்ணாம்பு இடத் தேவையில்லை.

சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பும் குடில்களின் நிலை வேறு. சொட்டுநீர்க் குழாயின் துளைகளிலும் பையின் வெளிப்புறத்திலும் வெண்மையாக உப்புப் படிந்திருந்தால், அந்த நீரில் மண்ணைக் காரமாக்கும் பைகார்பனேட் மிகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தோட்டத்து நிலத்தில் இந்தப் பைகார்பனேட் பரந்த மண்ணில் பங்கிடப்பட்டு மழையில் ஓரளவு கழுவப்படும். வலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய குடிலில் மழை படாத பைக்கோ நாள்தோறும் அதுவே ஊற்றப்படுகிறது. நிரப்பும்போது 6 ஆக இருந்த பி.ஹெச், மாதங்கள் செல்லச் செல்ல 7.5-ஐத் தாண்டிவிடும். பையில் இரும்பு இருந்தாலும் அந்நிலையில் வேருக்குக் கிடைக்காது. முதலாண்டு பச்சையாக இருந்த தாய்க்கொடி இரண்டாம், மூன்றாம் ஆண்டில் புத்திலை வெளுத்து நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். ‘போன வருஷம் இதே உரத்துக்கு நன்றாக இருந்ததே’ என்று உரத்தின் மீது சந்தேகப்படுவதில் பயனில்லை. உரம் மாறவில்லை, பையின் தன்மைதான் மாறியிருக்கிறது.

இரும்புக் குறை என்று சரியாகவே கணித்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. அன்னபேதி என்று கடைகளில் கிடைக்கும் ஃபெரஸ் சல்பேட்டை வாங்கி அதே ஆழ்துளை நீரில் கரைத்துப் பையில் ஊற்றுகிறார்கள். இளம்பச்சைப் படிகங்கள் கரைந்த நீர் வாளியிலேயே சிறிது நேரத்தில் பழுப்பாகி, அடியில் துருநிறக் கசடு தங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கசடுதான் கொடுத்த இரும்பு. வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு அது வாளிக்குள்ளேயே மாறிவிட்டது. இலைவழியாகத் தெளிப்பதானால், ஒரு லிட்டர் நீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதன்பின் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டைக் கரைத்து உடனே மாலை வேளையில் தெளிக்க வேண்டும். வேர்வழியாகக் கொடுப்பதானால் செலேட் வடிவ இரும்பு, அதாவது வேறொரு பொருளோடு பிணைத்துக் கரைந்த நிலையிலேயே காக்கப்படும் இரும்பு, வேண்டும். அதிலும் வகை பார்க்க வேண்டும். ஈடிடிஏ வகை பி.ஹெச் 6.5-க்கு மேல் நிலைக்காது, டிடிபிஏ வகை சுமார் 7.5 வரை தாங்கும், அதற்கு மேலே ஈடிடிஹெச்ஏ வகைதான் பயன்படும். கார நிலையிலுள்ள பையில் ஈடிடிஏ இரும்பை ஊற்றிவிட்டு ‘இரும்பு கொடுத்தும் பச்சை வரவில்லை, ஆகவே இது இரும்புக் குறை இல்லை’ என்ற முடிவுக்கு வருபவர்கள் சரியான கணிப்பையே கைவிட்டுவிடுகிறார்கள்.

மாக்னசைட் பகுதியின் நீரிலும் மண்ணிலும் மக்னீசியம் மிகுந்திருக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. மக்னீசியம் மிகையானால் சுண்ணாம்புச்சத்தையும் சாம்பல்சத்தையும் வேர் எடுப்பதைத் தடுக்கும். அங்கே இலையோரம் கருகுவதைக் கண்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்டை) தெளிப்பது உள்ள சிக்கலையே வளர்ப்பதாகும். எப்சம் உப்பு மலையில் மருந்தாகவும் வெள்ளைக்கல் பகுதியில் கெடுதலாகவும் அமையலாம் என்பதை இந்த வட்டாரத்தில் நாற்று வளர்ப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நீரை ஒருமுறையேனும் ஆய்வுக்குக் கொடுப்பது இதனால்தான் முதல் வேலை. சேலத்திலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ சந்தியூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ இதற்கு அணுகலாம். பைகார்பனேட்டும், சுண்ணாம்பு–மக்னீசிய அளவுகளும், கரைந்த உப்பின் மிகுதியைக் காட்டும் மின்கடத்துதிறனும் தெரிந்தால் பாதிக் கணிப்பு முடிந்துவிடும். மழைநீரைச் சேமித்துத் தாய்க்கொடிகளுக்கு மட்டும் ஒதுக்குவது செலவு குறைந்த தீர்வு. தாய்க்கொடிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் இது நடைமுறைக்கும் ஒத்துவரும்.

பைக்குள் சேரும் உப்பைப் பஞ்சமாகப் படிப்பது

முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் கருகினால் சாம்பல்சத்துக் குறை என்று பொட்டாஷ் இடுவது மிகப் பரவலான தவறு. பல ஆண்டுகள் ஒரே பையில் இருக்கும் தாய்க்கொடிக்கு மேலுரம் தொடர்ந்து இட்டு, நீரை மட்டும் சிக்கனமாக விட்டால், எஞ்சிய உப்பு வெளியேற வழியின்றிச் சேரும். அந்த உப்பும் இலையோரத்தைக் கருக்கும். அதன்மேல் மியூரேட் ஆப் பொட்டாஷ் இடுவது கருகலை இரட்டிப்பாக்கும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. வழக்கம்போல் முழுமையாக நீர் ஊற்றி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வடியவிட வேண்டும். பின்பு பையை இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, அடியில் தட்டு வைத்து, மேல்மண்ணில் பரவலாகச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால், அதற்கு முன்பே பைக்குள் நின்ற நீர் கீழே சொட்டும். அந்தச் சொட்டுநீரின் பி.ஹெச்சையும் மின்கடத்துதிறனையும் கையடக்க மீட்டரால் அளந்து, நாம் ஊற்றும் நீரின் அளவோடு ஒப்பிட வேண்டும். வடிநீரின் மின்கடத்துதிறன் பல மடங்கு உயர்ந்திருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. நல்ல நீரால் பையை நன்கு கழுவிவிட வேண்டும். மிகக் குறைந்திருந்தால் பை உண்மையிலேயே பசித்திருக்கிறது. இந்த இரண்டு எண்களை எழுதி வைத்திருப்பவர் இலையை மட்டும் பார்ப்பவரைவிட வெகு தெளிவாக முடிவெடுப்பார். ஒரே கொடியில் அளந்து நிறுத்தாமல், மஞ்சளான கொடி ஒன்றிலும் பச்சையான கொடி ஒன்றிலும் அளந்து ஒப்பிடுவதே முறை.

நிரப்புமண்ணில் தென்னை நார்க்கழிவு கலப்பவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மட்காத நார்க்கழிவைக் கலந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பையிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். கொடி தழைச்சத்துக் குறையைக் காட்டும். கழுவிப் பதப்படுத்தாத நார்க்கழிவு சோடியத்தையும் சாம்பல்சத்தையும் வெளியிட்டு, நாம் இடும் சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆற்று மணலும் நன்கு மட்கிய தொழுவுரமும் தலா ஒரு பங்கு, மேல்மண் இரண்டு பங்கு என்ற பழைய கலவையில் இந்தத் தொல்லைகள் குறைவு.

வேரைப் பார்க்காமல் இலையோடு நின்றுவிடுவது

வேர் பழுதானால் எல்லாச் சத்தும் ஒரே நேரத்தில் குறையும். இலையில் எந்தப் பாடத்துக்கும் பொருந்தாத மஞ்சள் தோன்றும். மிளகில் நூற்புழுக்கள் வேரைத் தாக்கும் மெதுவாடல் இப்படித்தான் வெளிப்படுகிறது. ஐப்பசிக்குப் பின் மண்ணின் ஈரம் குறையத் தொடங்கும்போது இலைகள் மஞ்சளாகி உதிரும். அடுத்த மழையில் சில கொடிகள் ஓரளவு தேறும். மீண்டும் வறட்சியில் வாடும். மழைக்காலத்தில் தற்செயலாக உரமும் இட்டிருந்தால், உரத்தால் தேறியதாகவே தோன்றும். இப்படி ஓரிரு ஆண்டுகள் ஏமாந்த பின்புதான் உண்மை தெரியவரும்.

சந்தேகமுள்ள கொடியின் பையை ஒரு பக்கம் கீறி, ஒரு கைப்பிடி வேரை மண்ணோடு எடுத்து, வாளி நீரில் குலுக்காமல் மெல்ல அலச வேண்டும். நல்ல ஊட்டுவேர் வெண்மையாக, நுனி கூராக இருக்கும். முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வெண்ணிற இளவேரில் செம்பழுப்புத் திட்டுகள் இருந்து, வேர் அங்கங்கே அழுகியிருந்தால் துளைக்கும் நூற்புழு என்று ஐயுறலாம். வேரில் வெண்மாவு படிந்தாற்போல் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. வேர் கறுத்து வழுவழுத்துத் தோல் உரிந்தால் நீர் தேங்கியிருக்கிறது அல்லது அழுகல் நோய் பிடித்திருக்கிறது. இவற்றில் எதற்கும் நுண்ணூட்டக் கலவை தீர்வாகாது.

ஏற்காட்டின் மார்கழிக் குளிரும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது. மழையில் ஊறிய பை, பனிமூட்டத்தில் நாள்கணக்கில் வெயில் படாமல் குளிர்ந்து கிடந்தால், பி.ஹெச் சரியாக இருந்தாலும் புத்திலை வெளிறும். நீரைக் குறைத்து, வலையை ஓரிடத்தில் விலக்கி ஒளி விட்டு, மாசி வெயில் வரும்வரை பொறுத்தால் அடுத்த இலைகள் பச்சையாகவே வரும். அளவுக்கு மீறிய நிழலும் இலையை வெளுக்கச் செய்யும். பன்னியூர்-1 அடர்ந்த நிழலை விரும்பாத ரகம் என்பதால், அதன் தாய்க்கொடிகளை மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு உரத்தால் தேற்ற முயல்வது வீண்.

நச்சுயிரி நோயைத் துத்தநாகக் குறை என்று எண்ணுவது

இங்கே பட்டியலிடும் தவறுகளில் மிகக் கொடியது இதுவே என்பது என் உறுதியான கருத்து. மற்றத் தவறுகளால் ஓராண்டு உற்பத்தி குறையும். இந்தத் தவறோ வாங்கிச் செல்பவர்களின் தோட்டங்களையெல்லாம் பாதிக்கும்; மிளகுக் கொடி இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்க வேண்டிய பயிர் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

மிளகில் குட்டை நோயை உண்டாக்கும் நச்சுயிரிகள் இரண்டு முதன்மையானவை. வெள்ளரித் தேமல் நச்சுயிரி அசுவினியால் பரவக்கூடியது. மிளகு மஞ்சள் தேமல் நச்சுயிரி மாவுப்பூச்சியால் பரவுகிறது. இரண்டும் தண்டுத்துண்டின் வழியே தாயிலிருந்து நாற்றுக்கு நேராகச் செல்கின்றன. இலை சிறுத்தல், கணுவிடை குறுகுதல், நரம்பிடையில் மஞ்சள் திட்டு ஆகிய அறிகுறிகள் துத்தநாகக் குறையை ஒத்திருப்பதால், துத்தநாக சல்பேட்டைத் தெளித்துவிட்டு அந்தக் கொடியிலேயே தொடர்ந்து துண்டு எடுக்கிறார்கள். நோய் உள்ளே இருந்தும் சில காலம் அறிகுறி வெளியே தெரியாமல் இருப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் தெளித்த துத்தநாகம் பலித்ததாக நினைத்துக்கொள்வது எளிது.

பிரித்தறிய இரண்டு வழிகள் துணைசெய்யும். சத்துக்குறையின் மஞ்சள், நடுநரம்பின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கும். ஒரே வயதுடைய இலைகளில் ஒரே படிநிலையில் தெரியும். நச்சுயிரியின் மஞ்சள் ஒழுங்கற்றது. இலையின் ஒரு பாதியில் திட்டாகவும் மறுபாதியில் இல்லாமலும் இருக்கும், இலை ஒரு பக்கமாகக் கோணி அலைபோல் நெளியும். அடுத்து, குடிலில் அது பரவியிருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நீர், ஒரே கலவை, ஒரே உரம் பெறும் கொடிகளில் சத்துக்குறை வந்தால் வரிசை முழுவதும் கூடவோ குறையவோ தெரியும். நாற்பது கொடிகள் நலமாக இருக்க, இடையே ஒன்று மட்டும் குட்டையாகித் தேமல் பட்டிருந்தால், அந்தக் கொடிக்கு உரத்தைத் தேட வேண்டாம். அதைக் குடிலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். வெட்டும் கத்தியை ஒவ்வொரு கொடிக்குப் பின்னும் துடைத்துத் தூய்மைசெய்வதும், மாவுப்பூச்சியையும் அதைச் சுமக்கும் எறும்பையும் கட்டுப்படுத்துவதும் இதனோடு சேர்ந்த கடமைகள். நல்ல ரகம், அரிய கொடி என்ற பற்றினால் நோயுற்ற தாயை வைத்திருப்பவர்கள் அந்த ரகத்துக்கே கெடுதல் செய்கிறார்கள்.

உயரமான பகுதிகளில் இலைப்பேன் தாக்கி இலையோரம் உள்நோக்கிச் சுருண்டு தடிப்பதையும் சிலர் சுண்ணாம்புச்சத்து அல்லது போரான் குறை என்று கொள்கிறார்கள். சுருளைப் பிரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் உள்ளே கருநிறப் பேன்கள் ஊர்வது தெரியும். ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தாமிர மருந்தைக் கணக்கில் சேர்க்காதது

அழுகல் நோய்க்கு அஞ்சி 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிப்பதும், காப்பர் ஆக்சிகுளோரைடைத் தூரில் ஊற்றுவதும் மிளகில் தவிர்க்க முடியாதவை. தோட்டத்தில் அவற்றிலுள்ள தாமிரம் பரந்த மண்ணில் கலந்துவிடும். பையிலோ ஆண்டுதோறும் அதே மண்ணில் சேர்கிறது. மிகுந்த தாமிரம் இரும்பை எடுக்கவிடாது. இளவேரையும் தடித்துக் குட்டையாக்கும். எனவே பழைய பையில் புத்திலை வெளுத்தால், கடந்த ஆண்டுகளில் எத்தனை முறை தாமிரம் ஊற்றினோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தகைய பைக்கு நிரப்புமண்ணை மாற்றுவதே நேர்வழி.

இலையை ஆய்வுக்கு அனுப்புபவர்களுக்கும் இது தொடர்பான எச்சரிக்கை உண்டு. மருந்துப் படிவம் ஒட்டிய இலையை அனுப்பினால் தாமிர அளவு பொய்யாக உயர்ந்து வரும். தெளிப்புக்கு முன்பே, புதிதாக முழுதும் விரிந்து முதிர்ந்த இலைகளைப் பல கொடிகளிலிருந்து எடுத்து, நல்ல நீரில் அலசி, நிழலில் ஈரம் உலர்த்தி, காகித உறையில் இட்டு அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இலை வியர்த்து அழுகும். நலமான கொடியின் இலைகளைத் தனி உறையில் சேர்த்து அனுப்பினால்தான் எண்களை ஒப்பிட முடியும். இரும்பின் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது: கார நிலையால் வெளுத்த இலையில் மொத்த இரும்பு போதுமான அளவு இருப்பதாகவே ஆய்வறிக்கை காட்டக்கூடும், ஏனெனில் அந்த இரும்பு இலைக்குள் வந்தும் செயல்படாத வடிவில் முடங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தெளிப்பது

உரக்கடையில் இலையைக் காட்டினால் நுண்ணூட்டக் கலவை, எப்சம் உப்பு, ஹியூமிக் அமிலம், வளர்ச்சி ஊக்கி என்று நான்கைந்து பொட்டலங்கள் கைக்கு வரும். அனைத்தையும் ஒன்றாகத் தெளித்துப் பச்சை வந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. வராவிட்டால் எது தவறியது என்றும் தெரியாது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே செலவு. தாமிர மருந்துடன் ஊட்டக் கலவையையும் கலந்து தெளித்து இலை கருகிய பிறகு, அந்தக் கருகலையே புதிய குறையாகக் கணிப்பதும் நடக்கிறது.

மாறாக, ஐயத்துக்குரிய ஒரு சத்தை மட்டும் எடுத்து, ஒரு கொடியின் இரண்டு மூன்று இளம் இலைகளில் பஞ்சால் பூசி, நூல் கட்டி அடையாளமிட்டுக் காத்திருப்பது பழைய, நம்பகமான முறை. இரும்புக் குறையானால் பூசிய இலையில், பூசிய இடத்தில் மட்டும், ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள்களில் பச்சை ஏறும். துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும், மக்னீசியத்துக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் இதே வகையில் சோதிக்கலாம். துத்தநாகத்தின் விளைவைப் பூசிய இலையில் தேடாமல் அடுத்து விரியும் இலையின் அளவில் தேட வேண்டும். முற்றி மஞ்சளாகிவிட்ட இலைகளும் ஓரம் கருகிய இலைகளும் எந்த உரத்துக்கும் பழைய நிலைக்குத் திரும்பா. அவற்றைப் பார்த்து மனம் தளர்ந்து மருந்தை இரட்டிப்பாக்குவது, சரியான சிகிச்சையையும் நஞ்சாக மாற்றிவிடும். போரான் போன்றவற்றில் போதுமான அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

வெட்டும் பருவத்துக்கு முன் தழைச்சத்தை வாரியிடுவது

மார்கழியில் கொடி மங்கலாக இருக்கிறது, தையில் துண்டு எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் யூரியாவைத் தெளித்து இரண்டே வாரத்தில் இலையைப் பச்சையாக்கிவிடலாம். ஆனால் அப்படிக் கிளம்பும் ஓடுகொடி நீர் மிகுந்து, சதை மென்மையாக, கணுவிடை நீண்டு இருக்கும். தண்டில் மாவுச்சத்து சேர்ந்திருக்காது. நட்ட துண்டு வேர்விடுவதற்கு அந்த மாவுச்சத்தே முதலீடு என்பதால், பச்சையாகத் தெரிந்த துண்டுகள் பையில் அழுகுவதைக் காண நேரும். டிஏபியைத் தொடர்ந்து இட்டு மணிச்சத்தை மிகைப்படுத்தினாலும் துத்தநாகம் கிடைப்பது குறையும் என்பதை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

குறையைத் திருத்திய கொடியில் எப்போது துண்டு எடுக்கலாம் என்ற கேள்விக்கு நாள்கணக்கைவிட இலைக்கணக்கே பொருத்தமானது. திருத்தத்துக்குப் பின் விரிந்த மூன்று நான்கு இலைகள் அளவிலும் நிறத்திலும் ஒத்திருந்து, அவற்றைத் தாங்கும் தண்டு வளைத்தால் உடனே ஒடியாமலும் நசுங்காமலும் முதிர்ந்திருந்தால், அந்த ஓடுகொடியின் நடுப்பகுதியிலிருந்து துண்டு எடுக்கலாம். நுனியின் இளம் பகுதியையும் குறை இருந்த காலத்தில் வளர்ந்த கணுக்களையும் விட்டுவிட வேண்டும். இலைகள் ஒத்து வராத கொடியை அந்த ஆண்டு வெட்டாமல் விட்டு, அதன் அடையாள அட்டையில் பி.ஹெச், மின்கடத்துதிறன், கொடுத்த சத்து, தேதி ஆகியவற்றை எழுதி, அடுத்த ஐப்பசியில் வேரை மறுபடி அலசிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.